கான்வஸ் சித்திர நிரலுக்குரிய கோட் எடிட்டர்

வலைப்பக்கத்தில் கான்வஸ் என வழங்கும் செவ்வகச் சித்திரப் பரப்பின்மேல் கோடும் வட்டமும் வண்ணமும் அசைவும் தோன்றுமாறு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஆணைகளை எழுதவும், திருத்தவும், ஓட்டிப் பார்க்கவும் பிரயோகிக்கப்படும் மென்பொருள். ஆப்பிள் நிறுவனம் 2004-இல் அறிமுகம் செய்த இப்பரப்பு, பிற உலாவிகளிலும் பரவி, 2014-இல் நிறைவுற்ற எச்டிஎம்எல்5 தரத்தின் அங்கமாயிற்று.

பூர்வ சரித்திரம்: ஹங்கேரியில் பிறந்து 1947 முதல் பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார், 1968-இல் கணினியைத் தம் கலைச் சாதனமாக ஏற்று, துளையட்டைகளில் ஆணைகளைத் தந்து, வரைகருவி காகிதத்தில் கோடு இழுக்கும்வரை பலன் யாதென்று அறியாமலே காத்திருந்து சித்திரங்களைப் படைத்தார். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருத்திவாசனோடும் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாசற்கோலங்களைக் கணினிக்குரிய இலக்கண விதிகளால் பிறப்பிக்கலாம் என்று காட்டினார். கலைஞர்க்கென்றே 2001-இல் கேசி ரியாஸும் பென் ஃபிரையும் தொடங்கிய பிராசஸிங் என்னும் நிரற்கருவியை, லாரன் மெக்கார்த்தி 2013-இல் பி5.ஜேஎஸ் என்ற பெயரால் வலைக்குக் கொணர்ந்தார்.

இயங்கும் முறை: உலாவியிலேயே திறக்கும் பி5 எடிட்டரில் இடப்புறம் ஆணைகளும் வலப்புறம் சித்திரமும் நிற்க, பிழை நேர்ந்த வரியின் எண் கீழே தோன்றும். செட்டப் என்ற பகுதி ஒருமுறையும், டிரா என்ற பகுதி சாதாரணமாக விநாடிக்கு 60 முறையும் நடைபெறும். பள்ளிக் கணிதத்தின் வரைபடத்திற்கு மாறாக, தொடக்கப்புள்ளி இடப்புற மேல்மூலையில் அமைந்து, செங்குத்தளவு கீழ்நோக்கி வளர்வதை ஆரம்ப மாணவர் மனத்திற் கொள்ளுதல் அவசியம். ஒரு சுழற்சிக்குள் மற்றொரு சுழற்சியை அமைத்துப் புள்ளிக்கோலத்தின் புள்ளிவரிசைகளை இடுவது இதற்குத் தக்க முதற்பயிற்சியாகும். கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே ஆயினும், மாறிகளுக்குத் தமிழெழுத்தில் பெயரிட ஜாவாஸ்கிரிப்ட் இடந்தருகிறது.

பிரான்சில்: பாரிஸின் வட புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து ஆர்இஆர் டி இரயிலேறி லா சப்பல் கடைத்தெருவுக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, 2019 முதல் லிசே எனும் மேல்நிலைப்பள்ளியின் முதலாண்டின் பொதுப்பாடமாக உள்ள எண்ணியல் அறிவியல் வாயிலாக வலைப்பக்கத்தின் அமைப்பு அறிமுகமாகிறது. எனினும், பிரெஞ்சு விசைப்பலகையில் எண்களுக்கு ஷிஃப்ட் விசை வேண்டியிருப்பதோடு, ஒவ்வொரு ஆணைத்தொகுதியையும் சூழும் நெளிவடைப்புக்குறிகளை, விண்டோஸ் கணினிகளில், ஆல்ட்-ஜிஆர் விசையுடன் 4-ஆம் எண் விசையையும் சமக்குறி விசையையும் முறையே அழுத்தியே பெறவேண்டியிருத்தலால், தொடக்கக் குறியை இட்டவுடன் முடிவுக்குறியைத் தானே இடும் எடிட்டரின் குணம் அங்கே விசேஷ சௌகரியமாகின்றது.

தேர்வு: நிரல் பல கோப்புகளாக விரியும்பொழுது, மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட, விலையின்றிக் கிடைக்கும் விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்றதைக் கணினியில் நிறுவிக்கொள்ளுதல் தகும். எழுதுவதற்கும் கண்ணால் காண்பதற்கும் இடையேயுள்ள காலம் எதிற் குறுகியதோ, அதுவே ஆரம்ப மாணவருக்கு உத்தமமான எடிட்டர்; அவ்வகையில் உலாவி எடிட்டரே முதற்படிக்கு ஏற்றது.