அயலூர் மாணவரும் பல்கலைக்கழகத்தின் கோப்பும்

பல்கலைக்கழகம் என்னும் அமைப்பு அயலூராரின் தற்காப்புக்காகத் தோன்றியது என்பது இன்று பெரும்பாலும் மறந்துபோன செய்தி. அச்சொல்லின் ஐரோப்பிய மூலமான ‘யூனிவர்சிதாஸ்’ பல கலைகள் பயிலும் இடத்தைக் குறித்ததன்று. ஒரே தொழிலோ நலனோ உடையவர்கள் சட்டத்தின் முன் ஓருருவாகத் திரண்ட சங்கத்தைக் குறித்தது. தமிழில் பெயர்த்தபோது பாடங்களின் பன்மை முன்னுக்கு வந்து, சங்கம் என்ற பழம்பொருள் மறைந்துவிட்டது. இத்தாலியின் போலோஞா நகருக்கு உரோமச் சட்டம் பயில வந்தவர்கள், ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தோர் ஒரு சங்கமாகவும் இப்பாலிருந்து வந்தோர் மற்றொரு சங்கமாகவும் சேர்ந்தனர். அந்நகரிலேயே பிறந்த மாணவர்களை நகரத்தின் சட்டமே காத்ததால், அச்சங்கங்களில் அவர்களுக்கு இடமும் இருக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

வெளியூர் மாணவரை அன்று மிகவும் அச்சுறுத்தியது, ஊரான் பட்ட கடனுக்கு ஊரானைப் பிடிக்கும் வழக்கம். எடுத்துக்காட்டாக, புளோரன்ஸ் வணிகர் ஒருவர் போலோஞாவில் கடன் வாங்கிவிட்டுச் சொல்லாமல் ஊர் திரும்பினால், கடன் கொடுத்தவர் அங்கே தங்கியிருக்கும் வேறொரு புளோரன்ஸ்காரரின் பொருளைப் பறித்து ஈடுகட்டிக்கொள்ளலாம். கடனாளியின் முகத்தையே பார்த்திராத மாணவர் இதற்கு எளிதில் இரையானார், ஏனெனில் அவரிடம் புத்தகங்களும் சில மாதச் செலவுக்கான பணமும் இருந்தன, துணைக்கு வர உறவினர் எவரும் இல்லை. பேரரசர் முதலாம் பிரெடரிக் 1158இல் ரொன்காலியாவில் பிறப்பித்த ‘ஹபீதா’ என்னும் ஆணை, கல்வியின் பொருட்டுத் தாமே ஊரைத் துறந்தோராக மாணவர்களைக் கருதி இவ்வழக்கத்திலிருந்து விலக்களித்தது. அவ்வாறு பறித்தவர் நான்கு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்றும், மாணவர்மீது வழக்குத் தொடுத்தால் தம் ஆசிரியர் முன்னிலையிலோ நகர ஆயர் முன்னிலையிலோ விசாரிக்கப்படுவதை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்றும் அது விதித்தது. உரோமச் சட்டத் தொகுப்பிலேயே இவ்வாணையைச் சேர்க்கும்படி பேரரசர் கட்டளையிட்டதால், மாணவர் தம் பாதுகாப்பைத் தம் பாடநூலிலேயே படிக்க நேர்ந்தது.

பாரிஸில் இதே பாதுகாப்பு ஒரு மது ஜாடியிலிருந்து பிறந்தது. 1200இல் ஜெர்மானிய மாணவர் ஒருவரின் வேலையாள் மதுக்கடைக்குச் சென்ற இடத்தில் சச்சரவு மூண்டு, அவர் அடிபட்டார், அவர் கையிலிருந்த ஜாடி உடைந்தது. மாணவர்கள் திரண்டு கடைக்காரரை அடித்தனர். நகரக் காவல் தலைவர் ஆயுதம் தாங்கிய நகரத்தாருடன் அவர்களது விடுதிக்குள் புகுந்தபோது சிலர் கொல்லப்பட்டனர். ஆசிரியர்களும் மாணவர்களும் நகரை விட்டே போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் மன்னர் இரண்டாம் பிலிப் காவல் தலைவரைச் சிறையிலிட்டார். கைதாகும் மாணவரைத் திருச்சபை நீதிமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று பட்டயம் வழங்கினார். அதைக் காப்பதாகப் புதிதாகப் பதவியேற்கும் காவல் தலைவர் ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் விதித்தார். வெளியேறிவிடுவோம் என்ற மிரட்டலே அன்றைய பல்கலைக்கழகத்தின் படைபலம் எனலாம். அதற்கென்று கட்டடம் எதுவும் இல்லாததால் மிரட்டலை நிறைவேற்றுவதும் எளிதாக இருந்தது.

அந்நூற்றாண்டுகளில் காக்கப்பட வேண்டியிருந்தவை மாணவரின் உடலும் உடைமையும். பல்கலைக்கழகமே மாணவரைப் பற்றி எழுதிச் சேர்த்துவைத்த கோப்பு ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாக உருவெடுத்தது மிகப் பிற்காலத்தில், குறிப்பாக அமெரிக்காவில். செனட்டர் ஜேம்ஸ் பக்லியின் முயற்சியால் 1974இல் இயற்றப்பட்டதும் ஃபெர்பா என்ற சுருக்கப்பெயரால் வழங்குவதுமான குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டம், கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனம் மாணவரின் எழுத்துப்பூர்வ இசைவின்றி அவரது கல்விப் பதிவுகளைப் பிறருக்குத் தரலாகாது என்ற பொதுவிதியை வகுத்தது. குடிமகனா அயல்நாட்டவரா என்ற வேறுபாட்டை அது பார்க்கவில்லை. எனினும் நீதிமன்ற ஆணைக்கும் அழைப்பாணைக்கும் விலக்கு உண்டு. மாணவர் மறுப்புத் தெரிவிக்காதவரை வெளியிடத்தக்க பொது விவரங்களின் பட்டியலில் பெயர், முகவரி ஆகியவற்றோடு பிறந்த இடமும் சேர்க்கப்பட்டிருந்தது. உள்ளூர் மாணவருக்குத் தீங்கற்ற அந்த ஒரு சொல், குடியேறிய குடும்பத்து மாணவரை எளிதாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதைச் சட்டம் எழுதியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சட்டம் மீறப்பட்டால் மாணவர் தாமே வழக்குத் தொடுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் கன்சாகா பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்ததையும், பறித்தவரிடம் நான்கு மடங்கு வசூலிக்கச் சொன்ன ஹபீதாவையும் அருகருகே வைத்தால், பழைய ஆணையே கூர்மையானதாகத் தோன்றுகிறது.

விசா பெற்று வந்த மாணவருக்கு இக்கவசமும் நிலைக்கவில்லை. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டதும், 1979 நவம்பரில் ஈரானிய மாணவர் அனைவரும் குடிவரவு அதிகாரிகளிடம் நேரில் பதிவுசெய்ய வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ஊரான் செய்ததற்கு ஊரானைப் பொறுப்பாக்கும் பழைய வழக்கின் சாயல் இதில் தெரிகிறது. கீழ்நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாது என்றபோதும், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே டிசம்பரில் அதை நிலைநிறுத்தியது. 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்தவர்களுள் ஒருவர் மாணவர் விசாவில் வந்தவர் என்பது தெரியவந்தபின், 1996ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அயல்நாட்டு மாணவர் பற்றிய தகவல்களைத் திரட்ட உத்தரவிட்டதோடு, அத்தகவல்களுக்கு ஃபெர்பா பொருந்தாது என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதன்படி 2003இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ‘செவிஸ்’ என்னும் கணினித் தரவுத்தளத்தில்தான், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நன்கறிந்த ஐ-20 படிவம் உருவாகிறது. மாணவர் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதையும், அவர் பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டதையும் அரசுக்கு அறிவிப்பவர் பல்கலைக்கழகத்தின் ஊழியரே. மாணவருக்கு ஆலோசகராகவும் அரசுக்குச் செய்தியாளராகவும் ஒருவரே அமரும் இந்த ஏற்பாடு போலோஞா மாணவர்களுக்கு விளங்கியிருக்காது.

இதற்கு நேர்மாறாக, குடிவரவு ஆவணங்கள் இல்லாத மாணவருக்குக் கோப்பளவில் கூடுதல் காப்பு கிடைத்தது. அவர்களுக்குப் பள்ளிக்கல்வியை மறுக்கலாகாது என்று 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயர்கல்வியைப் பற்றி அத்தீர்ப்பு பேசவில்லை. கலிபோர்னியா 2001இல் இயற்றிய ஏபி 540 என்னும் சட்டம், அம்மாநிலத்தில் மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளியில் பயின்று முடித்தவருக்கு வெளிமாநிலத்தவருக்குரிய கூடுதல் கட்டணத்தை நீக்கியது. ஆவணமற்ற மாணவர் அதற்காகத் தரவேண்டிய உறுதிமொழிப் படிவத்தில், தம் குடிவரவு நிலையைச் சட்டப்படியாக்க விண்ணப்பித்துள்ளதாகவோ தகுதி வந்ததும் விண்ணப்பிக்கவிருப்பதாகவோ எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதாவது தமக்கு எதிரான சாட்சியத்தைத் தம் கைப்படவே எழுதிப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். இதை உணர்ந்தே அச்சட்டம், இவ்வாறு பெறப்படும் தகவல் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்ற ஒற்றை வரியையும் சேர்த்துக்கொண்டது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2016 நவம்பர் 30 அன்று அறிவித்த கொள்கைகள் இவ்வரியை விரித்தன: நீதிமன்ற ஆணையோ அதற்கிணையான சட்டக் கட்டாயமோ இன்றி மாணவர் கோப்புகள் தரப்படமாட்டா, வளாகக் காவலர் கூட்டாட்சிக் குடிவரவுப் பணிகளில் சேரமாட்டார். நடைமுறையில் இது ஒரு தாளைப் படிக்கும் பயிற்சியாக மாறியது. குடிவரவுத் துறையினர் காட்டும் ஐ-200 என்ற பிடியாணையில் அத்துறையின் அதிகாரியே கையொப்பமிட்டிருப்பார். நீதிபதி வழங்கும் பிடியாணையில் நீதிமன்றத்தின் பெயரும் நீதிபதியின் கையொப்பமும் இருக்கும். முன்னதை வைத்துக்கொண்டு விடுதி அறை போன்ற பொதுமக்கள் புழங்காத இடங்களுக்குள் இசைவின்றி நுழைய இயலாது என்பதால், தாளைக் கேட்டு வாங்கிக் கையொப்பம் யாருடையது என்று பார்க்கும்படி ஊழியர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. கைது நடவடிக்கைகளில் கல்வி வளாகங்களைப் பொதுவாகத் தவிர்க்கச் சொன்ன 2011ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வெறும் நிர்வாகக் குறிப்பே. அதன் வழிவந்த பாதுகாப்பு 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

அவ்வாண்டிலேயே கூட்டாட்சி அரசு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திடம் அயல்நாட்டு மாணவர் பதிவுகளைக் கேட்டு, தந்தவை போதா என்று மே 22 அன்று அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியையே நீக்க, மறுநாள் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதற்கு முந்தைய வாரங்களில், நாடெங்கும் ஆயிரக்கணக்கான மாணவரின் செவிஸ் பதிவுகள் முன்னறிவிப்பின்றி முடித்துவைக்கப்பட்டன. முந்தைய கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற அயல்நாட்டு மாணவருள் இந்தியர் 3,31,602 பேராகி முதலிடத்தில் இருந்தமையால், அச்செய்தி சென்னை வீடுகளிலும் கலக்கத்தை உண்டாக்கியது. யாரும் வளாகத்துக்குள் நுழையவில்லை, யாரும் தாள் எதையும் நீட்டவில்லை. செவிஸ் திரையில் ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது. அப்பதிவுகளை மீட்பதாக அரசு வழக்கறிஞர்கள் ஏப்ரல் 25 அன்று நீதிமன்றத்தில் தெரிவிக்கும்வரை, பல பல்கலைக்கழகங்களின் அயல்நாட்டு மாணவர் அலுவலகங்கள் தத்தம் பெயர்ப்பட்டியலைத் தாமே திறந்து, எந்தப் பெயருக்கு எதிரே அச்சொல் ஏறியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தன.