லேசான அறிதிறன் குறைபாட்டிலிருந்து மீளுதல்

முதுமையில் நினைவாற்றலோ சிந்திக்கும் திறனோ வயதுக்குரிய அளவைவிடக் கூடுதலாகக் குறைந்தும், அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடிகிற நிலை லேசான அறிதிறன் குறைபாடு எனப்படும். இதற்கான கண்டறிமுறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்டு பீட்டர்சன் குழுவினர் 1999இல் வகுத்தனர்.

இது மறதி நோயின் (டிமென்ஷியா) முதல் படி என்றே பலரும் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் முழுதும் சரியல்ல. கணிசமானோர் ஆண்டுக்கணக்கில் அதே நிலையில் இருக்கின்றனர். சிலர் இயல்புக்கே திரும்புகின்றனர். வைட்டமின் பி12 பற்றாக்குறை, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவை காரணமானால், அவற்றைச் சரிசெய்யும்போது நினைவாற்றல் மேம்பட வாய்ப்புண்டு. காது கேளாமையும் மறதிபோலத் தோன்றலாம். முதல் பரிசோதனையில் உடல்நலமின்மையால் மதிப்பெண் குறைந்து, மறுமுறை தேறியோரும் உண்டு.

மனப்பான்மைக்கும் இதில் பங்கிருக்கலாம். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2023இல் வெளியிட்ட ஆய்வில், முதுமையை நல்லவிதமாகக் கருதியோருக்கு மற்றவர்களைவிட மீளும் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

ஆனால், மீட்சி எப்போதும் நிலைப்பதில்லை. 2014இல் வெளியான மேயோ ஆய்வில் இயல்புக்குத் திரும்பியவர்களில் 65 விழுக்காட்டினருக்குப் பின்னர் மீண்டும் குறைபாடோ மறதி நோயோ ஏற்பட்டது. எனவே தேறியவர்களும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்து, நடைப்பயிற்சியைத் தொடர்ந்து, குறித்த இடைவெளியில் மருத்துவரிடம் நினைவாற்றலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.