நூன்முறையும் நிகழ்ச்சிமுறையும்

ஆறுமுக நாவலர் 1852இல் உரைநடையில் வெளியிட்ட பெரியபுராணத்தைக் கற்கும் சிறார், சுந்தரர் வரலாறு முதற்கண் நிற்றலின், தேவார மூவருள் அவரே முற்பட்டவரென மயங்குதல் இயல்பு. சேக்கிழார் அடியார்களை நிறுத்தியது திருத்தொண்டத்தொகையின் வைப்புமுறையிலன்றிக் காலமுறையிலன்று. அத்தொகையிற் போற்றப்பட்டமை மாத்திரையான் ஒருவர் சுந்தரர்க்கு முற்பட்டவரெனத் துணிதலும் பொருந்தாது. தம் தோழராகிய சேரமான் பெருமாளையும் அவர் அதனுட் போற்றினர்.

ஆதலின் ஆசிரியர் விடையை முந்துறக் கூறாது, சான்றைச் சிறாரே தேடுமாறு வினவுதல் வேண்டும். நாவுக்கரசர் கைத்தொண்டு செய்த திருவதிகையை மிதித்தற்கு அஞ்சிச் சுந்தரர் சித்தவடமடத்தில் தங்கினாரென்பது அந்நூலுள்ளேயே உளது. சம்பந்தரும் நாவுக்கரசரும் ஒருங்கு தலங்களை வழிபட்டமையும் ஆண்டே காணப்படும். இவற்றை இயைத்து நோக்குஞ் சிறுவன், இருவரும் ஒரு காலத்தவர், சுந்தரர் பிற்பட்டவர் எனத் தானே தெளிவான். இம்முறை பிறழின், முன்னோர்பாற் சுந்தரர் காட்டிய பணிவின் பொருளும் பிறழும் என்க.