உணவும் உண்போரும்: தீவகத்து வரலாறு தரும் பாடம்

ஒரு மக்கட் கூட்டத்தின் உணவை முதற்கண் உறுதிசெய்வன அக்கூட்டம் வாழும் நிலமும் நீருமேயாம். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்டழைத்த வேலணைத் தீவின் கரையில் அமைந்துள்ள சாட்டி இதற்குத் தக்க சான்றாகும். ஆறு எதுவுமில்லாத இத்தீவிலே வடகீழ்ப் பருவமழையே நன்னீரின் மூலம். நிலத்துட் சுவறும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மீறி இறைப்பின் கிணறு உவராகிவிடும். ஆதலின் மானாவாரி நெல்லோடு குரக்கன், சாமை முதலிய சிறுதானியங்களும், நீர்ப்பாய்ச்சல் வேண்டாத பனை தந்த ஒடியலும் பனாட்டும், கடல் தந்த மீனும் இம்மக்களின் உணவாயின. இன்று ‘நிலைபேறான உணவு’ என ஆய்வாளர் பேசுவது இங்கு இயற்கையின் கட்டளையாகவே இருந்தது.

ஆயின் உணவு வயிற்றோடு மட்டும் நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்து வழக்கிலே ‘சைவம்’ என்னுஞ் சொல் சமயத்தையும் மரக்கறி உணவையும் ஒருங்கே சுட்டும். மீனும் இறைச்சியும் ‘மச்சம்’ எனப்படும். மச்சத்துக்கெனத் தனிச்சட்டி வைத்திருக்கும் வீடுகள் பல. வெள்ளிக்கிழமையில் சைவர் மச்சத்தை விலக்குவர். சிந்தாத்திரை மாதாவின் ஆலயம் அமைந்த சாட்டிச் சூழலில் வாழ்ந்த கத்தோலிக்கரோ அதே வெள்ளியில் நெடுங்காலமாக இறைச்சியை விலக்கினர். அவர்க்கு மீன் விலக்கன்று. ஒரே நாளில் இருவகை நோன்புகள் அயலயலே நிலவின. ஒன்றின் நெறி மற்றதற்கு அளவுகோலாக வேண்டியிருக்கவில்லை.

இவ்விணக்கம் எக்காலத்தும் இருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமான பின்னர், சைவர் விரத நாளில் உண்ட வாழையிலையை இறப்பிலே செருகி மறைத்தனர் எனச் செவிவழி மரபு கூறும். அதிகாரிகளின் உணவுக்கு முறைவைத்துப் பசுக் கொடுக்க நேர்ந்தமையால் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் நாட்டை விட்டகன்று சிதம்பரஞ் சென்றார் என்பதும் மரபுச் செய்தியே. உண்கலத்தினுள் அதிகாரம் கைவைத்ததன் நினைவை இம்மரபுகள் காத்து நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடைகளிற் புலாலுண்ணலைப் பாவங்களுள் ஒன்றாக வைத்துப் போதித்தமை, உயிரிரக்கத்தின் பாற்பட்டதோடு, ஒடுக்கப்பட்டிருந்த ஒரு சமயத்தின் மீட்சியுமாகும்.

எனினும் ஒழுக்கமாகக் கைக்கொள்ளப்பட்டது காலப்போக்கில் உயர்வு தாழ்வின் அடையாளமுமாயிற்று. என்ன உண்கிறான் என்ற வினாவுக்குப் பின்னே, யாருடன் உண்ணலாம் என்ற வினா மறைந்து நின்றது. 1920களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் பாடசாலைகளிற் சமாசனம், சமபோசனம் என்பன பெரும் பிணக்கை விளைத்தன. 1960களின் பிற்பகுதியிலும் தேநீர்க்கடையிற் சமமாக அமர்ந்து பருகும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. உணவைப் பற்றிய தீர்ப்பு உண்போரைப் பற்றிய தீர்ப்பாக மாறுமிடத்து விளையும் தீங்கு இதுவேயாம்.

அவ்வாறாயின் உணவைப் பற்றிக் கருத்தே கூறலாகாதா? இவ்வினாவுக்கு மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் கதை விடை தருகின்றது. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை மீட்டு, அந்தணரோடு வாதிட்டு, ஊரைவிட்டு நீக்கப்பட்டவன் அவன். கொலையை வெளிப்படையாக மறுத்த அவனே, பின்னர்ச் சிந்தாதேவி தந்த அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தோர் அனைவர்க்கும் உணவளித்தான். செயலை மறுத்தான், பசித்தோரை மறுத்தானல்லன். ஊட்டுதற்கு ஒருவருமில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர் துறந்தான். நயினாதீவே மணிபல்லவம் என்பார் உளர். அது முடிந்த முடிபன்று. ஆயினும் நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. பௌத்த மரபிலும் இதற்கு ஒப்பான செய்தியொன்றுண்டு. பிக்குகள் அனைவரும் மீனையும் ஊனையும் வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டுமெனத் தேவதத்தன் கேட்டபோது, புத்தர் அதனைக் கட்டாய விதியாக்க மறுத்து, விரும்புவோர் விருப்புக்கு விட்டார்.

இந்நெறியை ஏட்டில் மட்டுமன்றித் தீவகத்து அடுக்களையிலும் காணலாம். ஒடியல் மாவைக் கரைத்துக் காய்ச்சும் கூழில் பயற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் இடப்படும். மச்சம் உண்போர் மீனும் நண்டும் சேர்ப்பர். உண்ணாதோர்க்குச் சைவக் கூழ் காய்ச்சப்படும். இரண்டும் பனையோலைப் பிளாவிலேயே வார்க்கப்படுகின்றன.

1990 இல் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் கைவிடப்பட்ட தோட்டங்களையும் இழுவைமடிகளால் நலிந்த கடலையும் எதிர்கொண்டனர். அடிமட்ட இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சிறுவலை வீசிப் பிழைப்பவரிடம் சென்று மீனுண்ணல் தகாதென்பதும், விரதம் காப்பவரிடம் சென்று அது பழைமைவாதம் என்பதும் ஒருதன்மையனவே. இரண்டும் பேச்சை அடைத்துவிடும். கிணற்றுநீர் உவராகின்றதா, கடலடி அழிகின்றதா, பனங்கூடல் பேணப்படுகின்றதா, கோதுமை மாவின் இறக்குமதி உள்ளூர்த் தானியத்தை எவ்வளவுக்கு ஒதுக்கிற்று என்னும் வினாக்களோ இருவர்க்கும் பொதுவானவை.

உணவைத் தேர்தல் அறத்தோடு தொடர்புடையது என்பதிலே ஐயமில்லை. ஆயின் அவ்வறத்தைப் பிறர் உண்கலத்தை எட்டிப் பார்த்துத் தொடங்குவதினும், எல்லோரும் நீரள்ளும் கிணற்றைப் பார்த்துத் தொடங்குதல் சாலச் சிறந்ததாம்.