480 நாள் கணக்கு

போன வாரம் ஓசூர் பேருந்து நிலையத்தில் ஒரு பையன் கேட்டான்: "சார், யூனியன் வந்தா எங்களையும் பெர்மனென்ட் பண்ணுவாங்களா?" பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

நான் இங்கே ஒரு ஆலையில் சேர்ந்தது 1983-இல். அப்போது நாங்கள் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். சிப்காட் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் வந்து ஊருக்கே புது முகம் கொடுத்திருந்தன.

24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் அது செல்லாது. இந்தப் பக்கம் மட்டும் என்ன, நாள் நெருங்கும்போது ஆளை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். எங்கள் யூனியன் செயலாளர் ஒரு நோட்டில் ஒவ்வொருவர் நாளையும் பஞ்ச் கார்டைப் பார்த்து எழுதி வைத்தார். அந்த நோட்டைக் காட்டித்தான் நானும் என்னோடு சேர்ந்தவர்களும் நிரந்தரம் ஆனோம்.

அடுத்து 12(3) ஒப்பந்தம். சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தானால் யூனியனில் சேராதவருக்கும், பின்னால் வேலைக்கு வருபவருக்கும் அது பொருந்தும். சந்தா கட்டாதவர்களும் பஞ்சப்படி வாங்கினார்கள். எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்! என் வீட்டு ஓட்டுக்கூரை தளமானது இரண்டாவது ஒப்பந்தத்தின் அரியர்ஸ் பணத்தில்.

தொண்ணூறுகளில் கேன்டீன், பேக்கிங், லோடிங் எல்லாம் காண்ட்ராக்டுக்குப் போயின. நான் அப்போது கமிட்டியில் இருந்தேன். கோரிக்கைப் பட்டியலில் காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் கடைசி வரியில் இருக்கும். சம்பள உயர்வு படிந்ததும் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். மூன்று ஒப்பந்தங்களில் அப்படிச் செய்தோம். மூன்றிலும் என் கையெழுத்து உண்டு. காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் அந்த ஆட்கள் தானாக நிரந்தரம் ஆக மாட்டார்கள், காண்ட்ராக்டே போலி என்று நிரூபித்தால்தான் வழி என்று 2001-இல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு நல்ல சாக்கு கிடைத்தது.

பிறகு ஒருமுறை வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தோம். நிர்வாகம் அசையவில்லை. நாங்கள் வெளியே நின்ற நாட்களிலும் லாரிகள் லோடோடு போய்க்கொண்டிருந்தன. உள்ளே வேலை பார்த்தவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களிடம் போய், "தம்பி, நீங்களும் வெளியே வாங்க" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.