கடைமடையின் கடிகாரம்

2025 மார்ச் மாதம் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளும் யூடியூப் ஜோதிடர்களும் மார்ச் 29 என்ற தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்று சனிப்பெயர்ச்சியாம். யாருக்கு ஏழரைச் சனி தொடங்குகிறது, யாருக்கு விடுகிறது என்று ராசி வாரியாகப் பட்டியல்கள் கைப்பேசிகளில் சுற்றின. ஆனால் சனிக்கென்றே பேர்போன திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயிலில் ஒரு பரபரப்பும் இல்லை. கோயில் நிர்வாகம் விளக்கம் ஒன்று வெளியிட்டது: இங்கே எல்லாம் வாக்கியப் பஞ்சாங்கப்படிதான் நடக்கும், அந்தக் கணக்கில் பெயர்ச்சி 2026-இல்தான்.

மற்றவர்கள் பார்த்தது திருக்கணிதப் பஞ்சாங்கம். சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. ஒரு ராசியைக் கடக்கவே சுமார் இரண்டரை ஆண்டு. அவ்வளவு நிதானமான கிரகத்துக்கு ஓராண்டு முன்பின் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். எந்தப் பஞ்சாங்கம் சரி என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஊர் முழுக்க ஓடும்போது ஒரு கோயில் தன் பழைய கணக்கை விடாமல் நின்றது, அந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு ஆச்சரியம் தரவில்லை.

திருநள்ளாறு காரைக்கால் மாவட்டத்தில் இருக்கிறது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம், ஒரு பக்கம் வங்கக்கடல், மற்ற பக்கங்களில் எல்லாம் தமிழ்நாடு. ஆட்சி நடப்பதோ வடக்கே 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புதுச்சேரியிலிருந்து. காவிரியின் கிளைகளான அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு, நூலாறு, நண்டலாறு எல்லாம் கடலில் சேரும் கடைசி மண் இது. டெல்டா உழவர்கள் இப்படிப்பட்ட இடத்தைக் கடைமடை என்பார்கள். மேட்டூர் அணை 1934-இல் செயலுக்கு வந்த பிறகு, நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று அணையைத் திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வழியிலுள்ள மதகுகளையும் வாய்க்கால்களையும் எல்லாம் நிரப்பிவிட்டு, மிச்சமாகத்தான் காரைக்காலுக்கு வந்து சேர வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று பச்சை கட்டியிருக்கும்போது, நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் கரையில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் காத்திருப்பில் அழகு எதுவும் இல்லை. விதை நெல்லுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். குறுவை தவறினால் சம்பாவை நம்ப வேண்டும், சம்பாவை நம்பினால் வடகிழக்குப் பருவமழைக்குப் பயப்பட வேண்டும். 1991-இல் காவிரி நடுவர் மன்றம் தந்த இடைக்கால உத்தரவில் காரைக்காலுக்கென்று 6 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. 2007-இன் இறுதித் தீர்ப்பில் அது 7 ஆனது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அந்த 7-ஐத் தொடவில்லை. மொத்தம் 740 டி.எம்.சி.யைப் பங்கு வைத்ததில் கிடைத்த 7, அதாவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதையும் உள்ளூரில் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும்: இன்று உன் மடை, நாளை என் மடை. அவசரப்படுகிற ஒருவன் இரவில் மடையை வெட்டிவிட்டால் போதும், முறை முழுவதும் குலைந்துவிடும். காரைக்காலில் நிதானம் என்பது தனிமனிதர் குணமாக இருந்ததில்லை. பலர் சேர்ந்து காத்த ஏற்பாடாக இருந்தது. இந்த ஊரின் வரலாற்றில் இதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்ததும் நேரத்தோடு பொருதித்தான். புதுச்சேரி ஆளுநர் துய்மா, 1738-இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜியிடம் காரைக்காலை விலை பேசினார். மன்னர் ஒப்புக்கொண்டார், பிறகு இழுத்தடித்தார். பிரெஞ்சுக்காரர்களின் நண்பர் சந்தா சாகிப் இடையில் புகுந்தபின், 1739 பிப்ரவரியில்தான் ஊர் கைக்கு வந்தது. அதன்பின் ஆங்கிலேயர் 1760-இல் பிடித்தார்கள், திருப்பித் தந்தார்கள், மறுபடி பிடித்தார்கள். 1817-இல் கடைசியாகத் திரும்பக் கிடைத்தபோது காரைக்கால் ஒரு போர்க்களமாக இருக்கும் தகுதியையும் இழந்து, பெரிய வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சிறு துண்டாக அடங்கிவிட்டது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது; சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காகிதம் வர எட்டு வருடம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் பழங்காலத்தின் மெதுவான வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு நேர்ந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போயின. 1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்திருந்தது. அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். கரீபியன் கடல் வரை போக மாதக்கணக்கில் ஆகும். அதுவும் மெதுவான பயணம்தான். அதைத் தேர்ந்தவர்கள் யாரும் மன அமைதிக்காகத் தேர்ந்ததில்லை. பலர் திரும்பவும் இல்லை. 1880-களில்தான் அந்தப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. பழைய காலம் மெதுவாகப் போனது என்பதாலேயே அது நல்ல காலம் ஆகிவிடாது.

ரயில் 1898-இல் வந்தது. மாயவரம்–திருவாரூர் பாதையில் இருக்கும் பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் வரை சுமார் 23 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். ஓட்டியது ஆங்கிலேயர் பக்கத்துத் தென்னிந்திய ரயில்வே. போய்ச் சேர்ந்ததோ பிரெஞ்சு மண்ணில். இரண்டு அரசுகளுக்கு நடுவில் ஓடிய வண்டி என்பதால் எல்லையில் சுங்கச் சோதனையும் சேர்ந்துகொண்டது. 1980-களில் பாதை மூடப்பட்டு தண்டவாளங்களும் பிடுங்கப்பட்டன. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் காரைக்கால் ரயில் இல்லாத ஊர். 2011-இல் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்தது. பேரளம் பாதையும் இப்போது அகலமாகப் புதிதாகப் போடப்பட்டிருக்கிறது. இதற்கிடையில் வாஞ்சூர்க் கடற்கரையில் 2009-இல் தனியார் துறைமுகம் திறந்துவிட்டது. 2023-இல் அதானி குழுமம் அதை வாங்கியது. நிலக்கரிக் கப்பல்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான்.

இந்த நிலத்திலிருந்து ஐரோப்பாவைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1986-இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுச் சதுக்கத்தருகே மெக்டொனால்ட்ஸ் கடை திறந்ததை எதிர்த்துக் கார்லோ பெத்ரினி கிளம்பினார்; அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம். 1989-இல் பாரிஸில் அதன் கொள்கை அறிக்கை கையெழுத்தானது. 1999-இல் ஒர்வியேத்தோ, பிரா, போசித்தானோ, கிரேவே என்ற நான்கு இத்தாலிய ஊர்கள் சேர்ந்து ‘சித்தாஸ்லோ’ என்ற மெதுநகரக் கூட்டமைப்பைத் தொடங்கின. அதில் சேர மக்கள்தொகை 50,000-க்குள் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் நகரத்தில் மட்டும் 86,838 பேர். ஆக, எதையும் கடைசியாகவே பெற்றுப் பழகிய இந்த ஊர் மெதுநகரம் என்ற சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது!

இருந்தாலும் அந்த இத்தாலியர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்கள். ஊராகச் சேர்ந்தால்தான் மெதுவாக வாழ முடியும் என்பதை. பிறகு வந்த வியாபாரம் அதைத் தனிமனிதர் வாங்கும் பொருளாக்கிவிட்டது: கைப்பேசி இல்லாத மூன்று நாள், கடற்கரை விடுதி, மண்பானைச் சமையல், இவ்வளவு ரூபாய். திங்கட்கிழமை காலை மறுபடி பழைய ஓட்டம். இதில் குற்றம் வாங்குகிறவருடையது அல்ல. அவர் ஒருவர் நின்றால் அவரைச் சுற்றியிருக்கும் அலுவலகமும் பள்ளியும் தவணையும் நிற்பதில்லை.

காரைக்கால் மீனவர்களுக்கு இது புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் என்று கரையோரக் கிராமங்களில் கட்டுமரமும் பாயும் இருந்த காலத்தில் வேலை நேரத்தைக் காற்று வைத்தது. வாடை அடித்தால் ஒரு கணக்கு, சோழகம் அடித்தால் வேறு கணக்கு. ஊரில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போவதில்லை. கோயில் திருவிழா என்றாலும் அப்படியே. ஊர்ப் பஞ்சாயத்து சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மீறிப் போனவருக்குத் தண்டம் உண்டு. விசைப்படகு வந்த பிறகு காற்றுக்குக் காத்திருக்க வேண்டிய தேவை போயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிய, கட்டுமரம் கிட்டத்தட்டக் கரையேறிவிட்டது.

வேகம் கூடியதும் மீன் குறைந்தது. ஒரு படகுக்காரர் மட்டும் மனம் திருந்தி, குஞ்சு மீன் வளரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவர் விட்ட மீனைப் பக்கத்துப் படகு அள்ளும், அவ்வளவுதான். அதனால் ஓய்வைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இலிருந்து 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்று 2001-இல் தொடங்கியது. 2017-இலிருந்து அது ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. அந்த இரண்டு மாதமும் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வர்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் போதவில்லை, நேரத்தில் வரவில்லை என்ற முணுமுணுப்பு ஆண்டுதோறும் உண்டு. அது நியாயமான முணுமுணுப்பு. நிற்கச் சொல்கிறவர்கள் நிற்பதற்கான செலவையும் ஏற்க வேண்டும். மெதுவான வாழ்க்கையைப் பற்றிய அழகழகான புத்தகங்கள் பெரும்பாலும் தாவிவிடும் பக்கம் இதுதான்.

இதே கரையில், மாசி மகத்தன்று, திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் வருகிறார். பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், தோளில் சுமந்து, வழியெல்லாம் நின்று நின்று. மீனவர் தலைவன் மகள் பத்மினியைப் பெருமாள் மணந்தார் என்பது கதை. ஆகவே பட்டினச்சேரியார் அவரை மாப்பிள்ளை என்றே அழைத்து வரவேற்கிறார்கள். மாப்பிள்ளை வரும் அன்று யார் கடலுக்குப் போவார்?

ஆனால் காரைக்கால் நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் வேலையை வைத்துவிட்டு நிற்பது ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவில்தான். அந்த விழாவுக்குப் பின்னால் இருக்கும் காரைக்கால் அம்மையார் கதையின் தொடக்கமே ஒரு தாமதமான மதியச் சாப்பாடு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்னபடி, சிவனடியார் பசியோடு வந்த நேரத்தில் புனிதவதியார் வீட்டில் சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. கணவன் பரமதத்தன் அனுப்பியிருந்த இரண்டு மாங்கனிகளில் ஒன்றை வைத்து அவர் அடியாருக்குப் பரிமாறினார். கணவன் உணவுக்கு வந்து ஒன்றைத் தின்று, சுவைத்து, இன்னொன்றும் கேட்டபோதுதான், இல்லாத கனி அவர் கைக்கு வந்த அற்புதம் நடந்தது. பரமதத்தன் மிரண்டுபோய்க் கப்பல் ஏறிப் பாண்டிநாட்டில் வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆனார். பேயுருக் கேட்டு வாங்கி, கயிலையைக் காலால் மிதிக்காமல் தலையால் நடந்தார். பொறுமையாகப் போன பயணங்களில் இதை மிஞ்ச ஒன்றில்லை.

விழாவில் இந்தக் கதை முழுவதும் நாள் கணக்கில் நடத்தப்படுகிறது. முதலில் பரமதத்தருக்கு மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் திருக்கல்யாணம். பிறகு கைலாசநாதர் கோயிலிலிருந்து பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் புறப்படுகிறார். வீட்டுக்கு வீடு தட்டில் மாம்பழம் வைத்து அர்ச்சனை. வாசலுக்கு வாசல் சப்பரம் நிற்கும். கடந்ததும் மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாங்கனி வீசுவார்கள். கீழே நிற்கிறவர்கள் மடியேந்திப் பிடிப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் அந்தப் பழத்துக்காகவே வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். சப்பரத்தை விரைவாக நகர்த்த யாருக்கும் அதிகாரமில்லை. தன் வாசலில் சாமி நிற்க வேண்டும் என்று நினைக்கும் வீடு, அடுத்த வாசலில் நிற்பதற்கும் பொறுத்துத்தான் ஆக வேண்டும். வயலில் முறைத் தண்ணீருக்கு இருக்கும் அதே விதி.

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வந்து, நளதீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, மதியத்துக்குள் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஐந்தாறு கிலோமீட்டர் கிழக்கே வந்து காரைக்காலைப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம். ஆனியில் வரப்போகிறவர்கள் மதியத்துக்குள் கிளம்பும் திட்டத்தோடு வர வேண்டாம். பிச்சாண்டவர் காலையில் புறப்பட்டால் வீதிகளைச் சுற்றி முடிக்க மாலையாகிவிடும். அம்மையார் அவரை எதிர்கொண்டு அழைத்து அமுது படைப்பது அதற்கும் பிறகுதான். திரும்பும் வண்டிக்கு மறுநாள் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.