கல்வெட்டிலிருந்து கணினிவரை: பணிசெயல் முறைமைகளுள் தமிழுக்கு உகந்தது எது?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, ஈழத்து வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்ததொன்று. பொலனறுவையிலிருந்து அரசோச்சிய முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) காலத்தது அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் பாதுகாக்கப்படல் வேண்டும் என்று அக்கல்வெட்டுக் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் சேதமுறின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிபப் பண்டம் ஏற்றிவந்த மரக்கலமாயின் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியன என்பது அது விதிக்கும் ஒழுங்கு.

இக்கல்வெட்டின் வணிக வரலாற்றுச் சிறப்பினை அறிஞர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். ஈண்டு நாம் நோக்கவேண்டியது வேறொன்று. சிங்கள மன்னன் ஒருவனின் ஆணை, துறைமுகத்துக்கு வருவோர் அறியத்தக்க தமிழ் மொழியில் எழுதப்பட்டது. அது நிலைத்து நிற்கும் பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது. எட்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அக்கல்லைப் படிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அக்கால எழுத்தைப் பயின்றாற் போதும்.

இன்று நாம் கல்லில் எழுதுவதில்லை, ஓலையிலும் எழுதுவதில்லை. பிரதேச செயலகத்தின் பதிவேடும், பாடசாலையின் வினாத்தாளும், ஊர்ச் சங்கத்தின் மலரும் கணினியிலேயே உருவாகின்றன. கணினியில் எழுத்துக்கு இடமளிப்பது பணிசெயல் முறைமை என இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் அடிப்படை மென்பொருளாகும். தமிழ்நாட்டார் இதனை இயக்க முறைமை என்பர். பணிசெயல் முறைமைகள் பலவுள. அவற்றுள் தமிழ் எழுத்தைப் பேணுவதற்கு உகந்தது எது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று மரபுகள்

பணிசெயல் முறைமையின் தொழிலைத் துறைமுக அதிகாரியின் தொழிலோடு ஒப்பிடலாம். எந்தக் கலம் எப்பொழுது துறைக்குள் வரவேண்டும், எப்பண்டம் எந்தக் கிட்டங்கியில் வைக்கப்படவேண்டும், அதனை எடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பவற்றை அதிகாரி தீர்மானிப்பதுபோல, செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் கோப்புகளின் காவலையும் பணிசெயல் முறைமை பங்கிடுகின்றது. ஏனைய மென்பொருள்கள் யாவும் அதன் ஆணைக்கு உட்பட்டே இயங்குகின்றன.

இன்று பெருவழக்காயுள்ள முறைமைகளை மூன்று மரபுகளாக வகுக்கலாம். முதலாவது, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மரபு. 1981இல் ஐ.பி.எம். தனியாட்கணினியுடன் வெளிவந்த டொஸ், 1985இல் வெளிவந்த விண்டோஸ் ஆகியன இம்மரபின. இரண்டாவது, 1984இல் மக்கின்ரொஷ் கணினியுடன் தொடங்கிய அப்பிள் நிறுவனத்தின் மரபு. மூன்றாவது, 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் உருவாக்கிய யுனிக்ஸைப் பின்பற்றி எழுந்தது. றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து உருவானதே குனூ/லினக்ஸ் ஆகும். முன்னைய இரண்டும் நிறுவனங்களின் உடைமைகள். மூன்றாவதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுக்கலாம், பிறர்க்கு வழங்கலாம்.

மூன்று மரபுகளும் ஆங்கிலச் சூழலிலேயே பிறந்தன. 1963இல் வகுக்கப்பட்ட அஸ்கி என்னும் எழுத்துக் குறிமுறையில் 128 இடங்களே இருந்தன. அவ்விடங்களை ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளுமே நிரப்பின. தமிழுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

மாற்றுடையில் தமிழ்

இடமில்லாத இடத்திலே தமிழர் ஒரு வழி கண்டனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கி அளித்தார். ஈழத்தவரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெருவழக்கானது பாமினி எழுத்துரு. இதன் உபாயம் எளிமையானது. ஆங்கில எழுத்துகளின் வடிவத்தை நீக்கி அவ்விடத்திலே தமிழ் வடிவத்தை வைத்தனர். பாமினியில் ‘தமிழ்’ என்னுஞ் சொல் திரையிலே தமிழாகத் தோன்றும். கணினியின் நினைவகத்திலோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே பதிவாகியிருக்கும்.

அச்சு வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று. 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான கார்த்தில்யா என்னும் சமய நூலில் தமிழ் மொழி உரோம எழுத்துகளிலேயே அமைந்தது. அங்கே தமிழ் அச்செழுத்து இருக்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்திலேதான் தமிழ் தன் சொந்த எழுத்தைப் பெற்றது. இத்தொடக்ககால அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் ஆராய்ந்து தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. லிஸ்பன் நூலுக்கும் கொல்லம் நூலுக்கும் இடைப்பட்ட 24 ஆண்டுகளைப் போன்றதொரு காலத்தையே கணினித் தமிழும் கடந்து வந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரோம எழுத்தில் அச்சான தமிழை வாய்விட்டு வாசித்தால் தமிழோசை எழும். பாமினிக் கோப்போ, எழுத்துரு இல்லாத கணினியில், எம்மொழியிலும் பொருள் தராத குறிக்குவியலாகி விடும்.

இது வெறும் தொழினுட்பச் சிக்கலன்று. 1990களில் தீவக மக்களிற் பெரும்பாலோர் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். பலர் கனடா, பிரான்ஸ், பிரித்தானியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். ஊர்ச் சங்கங்களின் மலர்கள், கோயில் வரலாறுகள், இறந்தோரின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் நினைவு நூல்கள் ஆகியன அக்காலத்தே இத்தகைய எழுத்துருக்களிலேயே கோக்கப்பட்டன. அந்நினைவு நூலை யாழ்ப்பாண வழக்கிற் ‘கல்வெட்டு’ என்றே கூறுவர். குடும்ப வழியும் ஊர்ச் செய்தியும் பிறிதோரிடத்திற் கிடையாத அளவுக்கு அவற்றிலே செறிந்துள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. படி ஒன்றே உள்ள ஆவணத்தின் கதி யாதென்பதை அந்நிகழ்வு நமக்கு உணர்த்திற்று. படி பல இருந்தும் படிக்க இயலாத ஆவணத்தின் கதியும் அதனின் மிக வேறன்று.

தமிழ் தன் இடம் பெற்றமை

இந்நிலை மாறுவதற்கு அடிகோலியது, உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோட் குறிமுறை. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. ஆயினும் குறிமுறை வகுக்கப்பட்டதனால் மட்டும் தமிழ் திரையிலே தோன்றிவிடாது. எழுத்துகளை இணைத்து உயிர்மெய்யாக்கும் ஆற்றல் பணிசெயல் முறைமையில் இருத்தல் வேண்டும். கொம்பும் காலும் எழுத்தின் முன்னும் பின்னும் அமையும் மொழிக்கு அவ்வாற்றல் இன்றியமையாதது.

அதனை முதலிற் பெருமளவில் வழங்கியது மைக்ரோசொப்ட் நிறுவனமே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவுடன் தமிழைத் தானே கையாளும் முறைமையாக அமைந்தது. அப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட தன் முறைமையில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவைச் சேர்த்தது. குனூ/லினக்ஸில் அப்பணியைத் தன்னார்வலரே மேற்கொண்டனர். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ்ந்த ஆர்வலர், கே.டி.ஈ., க்னோம் ஆகிய இடைமுகங்களைத் தமிழாக்கினர். இலங்கையிலும் தமிழ்க் குறிமுறைக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தேசியத் தரம் 2008இல் வகுக்கப்பட்டது.

மூன்று அளவுகோல்கள்

வரலாற்றை இவ்வாறு நோக்கியபின், முறைமைகளை மூன்று அளவுகோல்களால் ஒப்பிடலாம்.

முதலாவது, எழுத்து. இதில் மூன்று மரபுகளும் இன்று ஏறத்தாழச் சமநிலையில் உள்ளன. காலத்தால் முந்திய பெருமை விண்டோஸுக்கு உரியது. எழுத்துருவின் வனப்பில் அப்பிள் குறைந்ததன்று. இவ்வுண்மையை மறைத்து ஒன்றைப் புகழ்வது ஆய்வு நெறியாகாது.

இரண்டாவது, பெயரிடும் உரிமையும் திருத்தும் உரிமையும். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடல்பேர்க், காரைதீவு அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட் என வழங்கின. படம் வரைபவன் கையிற் பெயரிடும் உரிமையும் இருந்தது. அப்பெயர்களுள் டெல்ஃப்ட் மட்டுமே இன்றும் ஆங்கில வழக்கிற் பரவலாக நிலைத்துள்ளது. மக்களோ நெடுந்தீவு என்றே கூறுகின்றனர். கணினித் திரையிலும் இதே வினா எழுகின்றது. நிறுவனத்தின் முறைமையில் ஒரு தமிழ்ச் சொல் பிழையாயின், நாம் விண்ணப்பிக்கலாம். திருத்துவதும் விடுவதும் அவர் விருப்பம். குனூ/லினக்ஸிலோ தமிழறிந்தவர் தாமே அதனைத் திருத்தி வெளியிடலாம். ஈழத்து வழக்குக்கும் தமிழ்நாட்டு வழக்குக்கும் இடையே வேறுபாடு நேரின், இரண்டையும் தனித்தனியே அமைத்துக்கொள்ளவும் தடையில்லை.

மூன்றாவது, செலவும் ஆயுளும். விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, குறித்த பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கின்றது. அப்பிளின் முறைமை அந்நிறுவனத்தின் கணினிகளுக்கு மட்டுமே உரியது. நன்கொடையாகப் பெற்ற பழைய கணினிகளைக் கொண்டு இயங்கும் பாடசாலைக்கு இவ்விதிகள் பாரமானவை. குனூ/லினக்ஸின் எளிய வடிவங்களோ பத்தாண்டுப் பழமையுடைய கணினியிலும் இயங்குகின்றன. குறிகாட்டுவானிலிருந்து படகேறி ஒரு மணி நேரம் கடலைக் கடந்தே நெடுந்தீவை அடையவேண்டும். ஒருவர் தம் சட்டைப்பையில் ஒரு நினைவுக்கோலை வைத்துச் சென்று, அத்தீவின் எல்லாக் கணினிகளிலும் அதனை நிறுவினாலும் அது சட்டத்துக்கு மாறானதாகாது. ஏனைய இரு மரபுகளில் அவ்வுரிமை இல்லை.

மறுப்புகளும் விடையும்

குனூ/லினக்ஸுக்கு எதிரான வாதங்களும் வலுவற்றன அல்ல. யாழ்ப்பாணத்து அச்சகங்கள் நெடுங்காலமாக விண்டோஸில் பேஜ்மேக்கரையும் பாமினியையும் கொண்டே நூல்களை ஆக்கின. லினக்ஸில் இயங்கும் ஸ்கிரைபஸ் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்துகளைச் செவ்வனே கோக்கும் ஆற்றல் நெடுங்காலம் இருக்கவில்லை. பழகிய தொழிலாளி புதியதொன்றைப் பயில நேரமும் ஊதியமும் வேண்டும். மேலும், பெரும்பாலான மக்கள் இன்று எழுதுவது கைப்பேசியிலேயே. அன்ட்ரொயிட் கைப்பேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருவே. ஆயினும், அதனால் மட்டும் கைப்பேசி உடையவன் அதனைத் திருத்தும் உரிமையை முழுமையாகப் பெற்றுவிட்டான் எனக் கூறல் இயலாது.

இத்தடைகள் கடக்கவொண்ணாதன அல்ல என்பதற்குக் கேரளம் சான்று. அங்கு 2001இல் தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழினுட்பத் திட்டம், சில ஆண்டுகளிற் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்து, பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தமையே அவ்வெற்றிக்குக் காரணமாகும். மென்பொருளை மட்டும் மாற்றி மனிதரைப் பயிற்றாது விட்டிருப்பின் அது நிலைத்திராது.

எனவே, அச்சகத்தாரும் தனியாரும் தத்தம் தொழிலுக்கேற்ற முறைமையைப் பயன்படுத்துவதிற் குறைகாண வேண்டியதில்லை. எழுதுவன யாவும் யூனிகோட்டில் அமைதல் ஒன்றே அவர்களிடம் நாம் வேண்டுவது. ஆனால் நூலகம், பாடசாலை, பிரதேச செயலகம், பல்கலைக்கழகம் ஆகியன பொதுமக்களின் நினைவைக் காக்கும் நிறுவனங்கள். அவை தேர்தற்குரியது குனூ/லினக்ஸே என்பது இக்கட்டுரையின் முடிபு. அது விலையின்றிக் கிடைப்பது முதன்மைக் காரணமன்று. ஒரு நிறுவனம் மறைந்தாலும், ஒரு பதிப்பு வழக்கொழிந்தாலும், மூலநிரல் நம் கையில் இருக்கும்வரை நம் ஆவணங்களை நாமே திறந்து படிக்கலாம் என்பதே காரணம்.

இதனோடு உடனடியாகச் செய்யத்தக்க பணியொன்றும் உண்டு. பாமினியிலும் பிற எழுத்துருக்களிலும் முடங்கிக்கிடக்கும் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திப் பெரும்பணி ஆற்றி வருகின்றது. அச்சில் ஏறாது வட்டுகளிலும் பழைய கணினிகளிலும் தங்கிவிட்ட ஊர் வரலாறுகளைத் தேடித் திரட்டி மாற்றுதல் தமிழ்ச் சங்க மாணவரால் இயலக்கூடியது. அவ்வாறு மாற்றியவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தலும் வேண்டும். ஊராத்துறை ஆணையைக் கல்லில் வெட்டியவர்கள் அதனோடு அமையாது செம்பிலும் வெட்டியதன் நோக்கமும் அதுவேயாகும்.